பூ முடிச்சில் ஒரு துருக்கிக் கம்பளம்

வேகமாக வேலை செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பயம். "அட, அதுக்குள்ள முடிச்சுட்டியா!" என்று யாராவது யாரையாவது பாராட்டினால் நான் மெல்ல எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அந்தக் காரியத்தை யாரும் இழுத்துப் பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று, பாராட்டு வாங்குகிறவருக்காக நான் கவலைப்படுவேன். இந்த வியாதி என்னைப் பிடித்தது இருபத்திரண்டாவது வயதில், அடையாறில், ஒரு கம்பளத்தின் மூலையில் நகராமல் நின்றுகொண்டிருந்தபோது.

எழுபதுகளின் தொடக்கம். தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு இரண்டு வருஷமாக மயிலாப்பூரில் எங்கள் வீட்டுத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். (படித்த படிப்புக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான்.) விண்ணப்பங்கள் போட்டுப் போட்டுத் தபால்காரருக்கே என் மேல் பரிதாபம் வந்துவிட்டது. நாக்பூரில் இருந்த அக்காவுக்கு அப்போது இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. "கௌரி சும்மாத்தானே இருக்கா, இங்கே அனுப்பி வையுங்கோ" என்று வாரம் ஒரு கடிதம் வரும். அந்தக் கடிதத்தைக் கண்டாலே எனக்கு உடம்பு பதறும். அக்கா மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ரயிலில் ஏறிவிட்டால் அந்தக் குழந்தைகள் கல்லூரிக்குப் போகும்வரை எனக்குத் திரும்பி வரும் டிக்கெட் கிடைக்காது என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் அடையாறில் ஒரு மாதர் கைத்தொழில் நிலையத்தில் கம்பள வகுப்பு தொடங்கினார்கள். நிலையத்தின் பிரசிடெண்ட் அம்மா, கணவரோடு துருக்கிக்குப் போய்விட்டு வந்தவர். அங்கே பெண்கள் வீட்டில் உட்கார்ந்து கம்பளம் நெய்வதைப் பார்த்து மனதைப் பறிகொடுத்து, ஒரு சின்னக் கம்பளமும் ஒரு பெரிய யோசனையுமாகத் திரும்பியிருந்தார். அவர்களால் முடிந்தது நம் பெண்களால் முடியாதா என்பது யோசனை. (மெட்ராஸ் வெயிலில் கம்பளிக் கம்பளத்தை யார் வாங்குவார்கள் என்று கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற மாதிரியான கமிட்டி இல்லை அது.) எட்டுப் பேர் வகுப்பு. ஆறு மாதம். முடிவில் பிரசிடெண்ட் அம்மா வந்து எல்லாருடைய கம்பளத்தையும் பார்ப்பார். எட்டில் ஒருத்திக்கு உதவி டீச்சர் வேலை, சம்பளத்தோடு.

"அந்த வேலை கிடைச்சா இங்கே இரு. கிடைக்கலேன்னா நாக்பூர்" என்றார் அப்பா. அப்பா அதிகம் பேச மாட்டார். பேசினால் அது கெஜட்டில் வந்த மாதிரி.

எங்கள் டீச்சர் ஷமீமுக்கு என்னைவிட இரண்டு வயதுதான் கூடுதல். ராயப்பேட்டையில் வீடு. வடக்கே எங்கேயோ ஒரு பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் கம்பள வேலை கற்றுக்கொண்டு வந்திருந்தாள். வீட்டில் உருது, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். முதல் நாள் எங்களைத் தறிக்கு முன்னால் உட்கார வைத்து முடிச்சைக் காட்டினாள். தறியில் நெடுக்காக விறைப்பாகக் கட்டியிருக்கும் நூலுக்குப் பாவு என்று பெயர். பக்கத்துப் பக்கத்து இரண்டு பாவு நூல்களைச் சேர்த்துக் கம்பளி நூலைச் சுற்ற வேண்டும். அதன் இரண்டு நுனியையும் அந்த இரண்டு நூலுக்கும் நடுவே வெளியே கொண்டுவர வேண்டும். கீழ்நோக்கி ஓர் இழு. கத்தியால் ஒரு நறுக்கு. ஒரு முடிச்சு முடிந்தது. வரிசை முழுக்க இப்படிப் போட்டபின் குறுக்கே ஊடை நூலை ஓட்டி, இரும்புச் சீப்பால் தட்டி இறுக்க வேண்டும். நறுக்கிய நுனிகள் எல்லாம் சேர்ந்து புல் மாதிரி நிற்கும். அதுதான் கம்பளம்.

"டீச்சர், ரெண்டடிக்கு நாலரை அடின்னா மொத்தம் எத்தனை முடிச்சு?" என்று கேட்டேன்.

"இருபதாயிரத்துக்கு மேலே வரும். எண்ணாதே. எண்ணினா பைத்தியம் பிடிக்கும்" என்றாள் ஷமீம். "ஜல்தி வேணாம். மஜ்பூத்தா இருக்கணும். கெட்டியா. அவ்வளவுதான்."

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அஞ்சலை. ஊரூர் குப்பத்திலிருந்து வருவாள். அவள் அப்பா கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். அஞ்சலை ஒரு முடிச்சுப் போடுகிற நேரத்தில் நான் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிடலாம். சுற்றுவாள், இழுப்பாள், குனிந்து பார்ப்பாள், விரலால் நெருடுவாள், மறுபடி இழுப்பாள். பாவம், கை வராத பெண் என்று நான் அவளுக்காக மனசுக்குள் இரக்கப்பட்டதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நிலையத்தில் இருந்தது மூன்றே தறிகள். எனவே பரீட்சைக் கம்பளத்தை மூன்று பேர் அங்கே நெய்யலாம், மற்றவர்கள் வீட்டில் தறி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் தறிக்குத் தகுந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அப்பாவின் நாடாக் கட்டில். நாடாவை எல்லாம் அவிழ்த்துவிட்டுக் கட்டிலை ஹாலில் சுவரோடு நிமிர்த்தி வைத்து, மேலும் கீழும் பாவு கட்டினேன். அப்பா தரையில் பாயை விரித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து தினமும் ஆபீசுக்குக் கிளம்பும்போது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கட்டிலைப் பார்த்து, "இன்னும் எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்பார். அந்த மூன்று வார்த்தை என்னைப் படுத்திய பாடு!

முதல் ஒரு சாண் ஒழுங்காகத்தான் நெய்தேன். ஷமீமே ஒரு நாள் மயிலாப்பூருக்கு வந்து பார்த்து, "பஹுத் அச்சா, இப்படியே போ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு சாணுக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. மிச்சம் ஐந்து சாண். பரீட்சைக்கு இரண்டரை மாதம். நாக்பூரிலிருந்து போட்டோ வந்தது, இரண்டு குழந்தைகளும் வாயை முழுக்கத் திறந்து அழுகிற மாதிரி.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, கோயிலுக்குப் பூ கட்டிக்கொண்டே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பேச்சு வருவதற்கு முன் பூ கட்ட வந்துவிடும். இரண்டு விரலில் நாரை வளைத்து, பூவின் காம்பில் மாட்டி, ஓர் இழுப்பு. அடுத்த பூ. ஊர்க்கதை பேசிக்கொண்டே அம்மா முழக்கணக்கில் கட்டுவாள்.

"ஏண்டி, ஒவ்வொரு முடிச்சுக்கும் நூலை நறுக்கிண்டு இருக்கே?" என்றாள். "பூவுக்குப் பூ நாரை நறுக்கினா என்னிக்கு மாலை கட்டறது?"

"துருக்கியில இப்படித்தானாம்மா."

"அவாளுக்குப் பூ கட்டத் தெரியாதா இருக்கும். நகரு."

அம்மா கம்பளி நூலை வாங்கினாள். பாவு நூல் இரண்டையும் காம்பு மாதிரி சேர்த்துப் பிடித்தாள். விரலில் ஒரு வளையம், மாட்டல், இழுப்பு. நறுக்காமலே அடுத்தது. அடுத்தது. அடுத்தது. நான் ஒரு மணி நேரம் போடுகிறதை அம்மா பத்து நிமிஷத்தில் போட்டுவிட்டாள். முன்பக்கம் சின்னச் சின்ன வளையமாக நின்றதை வரிசை முடிந்ததும் கத்தரிக்கோலால் நறுக்கினேன். பார்த்தால் என்னுடைய ஒரு சாணுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. துருக்கிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கஷ்டப்பட்டதை என் அம்மா ஒரு சாயங்காலத்தில் தீர்த்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

அதன்பிறகு எங்கள் வீடு உற்சவத்துக்கு முந்தின நாள் மாதிரி ஆகிவிட்டது. எதிர்வீட்டு மாமியும் வந்து கை கொடுத்தாள். அம்மா காலையில் குளித்து மடியாக இருக்கும்போதே, "கம்பளிதானே, மடிக்குக் குத்தமில்லை" என்று சாதம் வேகிற நேரத்தில் நாலு வரிசை போட்டுவிடுவாள். நான் பக்கத்தில் நின்று, கட்டம் போட்ட தாளைப் பார்த்து, "சிவப்பு ஏழு, நீலம் மூணு" என்று சொல்வேன். நடுவில் எட்டு முனை நட்சத்திரம் வந்தது. அதைச் சுற்றிக் கொக்கி கொக்கியாகக் கோடு வந்தது. மேலே வெறும் சிவப்பில் பார்டர். அதை அம்மாவே முழுக்கக் கட்டினாள். ஒரே நிறம் என்பதால் வரிசை முடிவில்கூட நூலை நறுக்கவில்லை. திரும்பி அடுத்த வரிசையில் ஓட்டிவிட்டாள்.

"ஒரே நார்ல ஒம்போது முழம் கட்டின கைடி இது" என்றாள். ஒரு மூலையில் மட்டும் நறுக்கிப் பார்த்துவிட்டு, மிச்ச வளையங்களைப் பிறகு நறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மிச்சம் ஐந்து சாணும் பன்னிரண்டு நாளில் முடிந்தது.

வகுப்பில் இதை நான் அடக்கமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "என்னோடது முடிஞ்சுடுத்து டீச்சர்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

ஷமீம் கத்தியைக் கீழே வைத்தாள். "க்யா? முடிஞ்சுதா? கௌரி, பொய் சொல்லாதே."

"நெஜமா டீச்சர். பரீட்சை அன்னிக்குக் கொண்டு வரேன், பாருங்கோ."

"இன்னாக்கா, மிசினு கினு வச்சுக்கினு கீறியா?" என்றாள் அஞ்சலை, கண்ணை அகல விரித்து. "எனக்கு இப்பதான் கால்வாசி வந்துக்கீது."

"கை பழகணும் அஞ்சலை" என்று நான் அவளுக்குச் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

அழுக்குப் படக் கூடாது என்று தறியிலேயே விட்டிருந்த கம்பளத்தைப் பரீட்சைக்கு நாலு நாள் முன்பு கட்டிலிலிருந்து அறுத்து எடுத்தேன். அப்பாவின் கட்டிலுக்கு நாடா திரும்பி வந்தது. கம்பளத்தில் லேசாக ஆட்டு வாசனை அடித்ததால் வெயிலில் காட்டலாம் என்று மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். சித்திரை வெயில். அம்மா அங்கே பழைய வேட்டியில் ஜவ்வரிசி வடாம் பிழிந்து காய வைத்திருந்தாள். பக்கத்திலேயே கம்பளத்தை விரித்துவிட்டு, காக்கை ஓட்டுவதற்காகக் கறுப்புக் குடையோடு நிழலில் உட்கார்ந்தேன். மனசு நிறைந்து இருந்தது. உதவி டீச்சர் என்று கையெழுத்துப் போடும்போது பெயரை முழுசாக எழுதுவதா, சுருக்கி எழுதுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காக்கை வந்தது. வடாமைப் பார்த்தது. (எங்கள் மாடிக்கு வந்து வடாமை வேண்டாம் என்று சொன்ன காக்கை சரித்திரத்தில் அது ஒன்றுதான்.) கம்பளத்தின் மூலையில் போய் உட்கார்ந்து, மூக்கால் ஒரு சிவப்புக் கொத்தைப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. காக்கைதானே, நல்ல பலமான மூக்கு என்று நினைத்தேன். இன்னொன்று வந்தது. அது பிடுங்கக்கூட இல்லை, சும்மா எடுத்தது. தரையில் கிடக்கிற பொருளை எடுக்கிற மாதிரி எடுத்துக்கொண்டு போயிற்று.

குடையைப் போட்டுவிட்டு ஓடினேன். மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு விரலால் ஒரு கொத்தைப் பிடித்து லேசாக இழுத்தேன். வந்துவிட்டது. பக்கத்துக் கொத்து. அதுவும் வந்துவிட்டது. நட்சத்திரத்தில் ஒன்று. வந்துவிட்டது. நகர்ந்து போய் அடியில் இருந்த முதல் ஒரு சாணில் இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தும் வரவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பூ முடிச்சு காம்பைப் பிடித்துக்கொண்டால் போதும். நூலை நறுக்கிவிட்டால் அந்த வளையத்துக்குப் பிடிமானம் ஏது? ஷமீமின் முடிச்சு இரண்டு நூலுக்கும் நடுவில் தன்னையே கவ்விக்கொண்டு நிற்பது. முதல் ஒரு சாண் மட்டும்தான் கம்பளம். மிச்சம் ஐந்து சாண் காற்றுக்கு நிற்கிற கம்பளி.

அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. கண் முன்னால் நாக்பூர் ரயில் புகை விட்டுக்கொண்டு நின்றது.

"ஷமீம் கிட்டப் போய்ச் சொல்லிடேண்டி" என்றாள் அம்மா, நான் அழுது முடித்தபின்.

"வேலை போயிடும்மா."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசித்தால் அம்மாவுக்குச் சமையலறைக்குள்தான் விடை கிடைக்கும். "மைதா இருக்கு. பசை காய்ச்சிப் பின்பக்கம் தடவிடலாம். காலண்டர் ஒட்டலையா? சினிமா நோட்டீஸ் ஒட்டலையா?"

மூழ்குகிறவளுக்கு மைதாவும் பெரிதாகத் தெரிந்தது. ஒரு வெண்கலப் பானை நிறையப் பசை காய்ச்சி, கம்பளத்தைக் குப்புறப் போட்டு, இரண்டு பேருமாகத் தடவினோம். இரண்டு நாள் காய்ந்தது. காய்ந்ததும் தட்டிப் பார்த்தேன். கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது. ஆனால் இழுத்தால் கொத்து வரவில்லை, பத்துக்கு ஏழு வரவில்லை. காக்கையும் நானும் பிடுங்கிய மூலை மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மொட்டையாக இருந்தது. பார்டர் வளையங்களை நறுக்க எனக்குத் தைரியம் இல்லை. கத்தரிக்கோல் பட்டால் என்ன ஆகுமோ என்று அப்படியே விட்டுவிட்டேன்.

பரீட்சை அன்று காலையில்தான் தெரிந்தது, அதைச் சுருட்டாமல் பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று. அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து மெல்லச் சுருட்டினோம். சுருட்டச் சுருட்ட அப்பளம் நொறுங்குகிற சத்தம். அப்பா சுருட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மறுபடி சுருட்டினார்.

பஸ்ஸில் நெரிசல். கம்பளத்தைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு பிடி கம்பளி உதிர்ந்து யார் மேலாவது விழுந்தது. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் மடியில் நீலம். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா அது, ஆட்டுக்குட்டியா? முடி கொட்டிக்கினே வருது! அதுக்குத் தனி டிக்கெட்டு எடு."

எடுத்தேன். விவாதிக்கிற நிலைமையில் நான் இல்லை.

நிலையத்தின் ஹாலில் மொசைக் தரையில் வரிசையாகக் கம்பளங்களை விரித்திருந்தார்கள். வேண்டுமென்றே கடைசி நிமிஷத்தில் போனேன், ஷமீம் கிட்டத்தில் வந்து பார்த்துவிடக் கூடாது என்று. மற்ற ஏழும் முடியாதவை. பாதி, முக்கால். அஞ்சலையுடையது முக்கால்தான், நிலையத்துத் தறியிலிருந்து அப்படியே அறுத்து எடுத்தது. என்னுடையதை விரித்ததும் எல்லார் வாயிலிருந்தும் ஓர் "ஆஹா" வந்தது. நட்சத்திரம் ஜொலித்தது. (அது என்ன பாவம் செய்தது?) நான் சட்டென்று மொட்டை மூலையில் ஏறி நின்று, புடவைக் கொசுவத்தைப் பரப்பி மறைத்துக்கொண்டேன்.

பிரசிடெண்ட் அம்மா பட்டுப் புடவையில் வந்தார், பின்னால் மூன்று கமிட்டி மாமிகள். வாசலில் செருப்பைக் கழற்றினார். "துருக்கில எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமோ? கம்பளத்தைக் கண்ணால பாக்காதே, வெறுங்காலால நடந்து பார்னு சொன்னா" என்றார்.

நான் கொசுவத்தை இன்னும் கொஞ்சம் பரப்பினேன்.

ஒவ்வொரு கம்பளத்தின் மேலும் நடந்தார். அஞ்சலையுடையதில் நடந்து, "நன்னா இருக்கு, ஆனா முடியலையே" என்றார். அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு என்னுடையதில் கால் வைத்தார். நட்சத்திரத்தில் நின்றார். "பேஷ்! இது ஒண்ணுதான் முழுசா முடிஞ்சிருக்கு. நீ ஏம்மா மூலையிலேயே நிக்கறே? இப்படி வா."

"பரவாயில்லை மாமி, இங்கேயே இருக்கேன்" என்றேன். குரல் எலிக்குஞ்சு குரலாக வந்தது.

"பாரு, எத்தனை அடக்கம்!" என்று கமிட்டி மாமிகளிடம் திரும்பினார். "ஷமீம், யோசிக்கவே வேண்டாம். இந்தப் பொண்ணையே அசிஸ்டெண்டாப் போட்டுடலாம்."

ஷமீமின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், பெருமையாக. அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

பிரசிடெண்ட் அம்மா பார்டர் வழியாகக் கம்பளத்தை விட்டு இறங்கி, காப்பி மேஜையைப் பார்த்து நடந்தார். அவர் காலில் மெட்டி இருந்தது. நல்ல கனமான, பழங்கால வெள்ளி மெட்டி. என் அம்மா நறுக்காமல் விட்ட வளையத்தில் ஒன்று அதில் மாட்டிக்கொண்டது.

அவர் நடந்தார். பார்டரும் அவரோடு கிளம்பியது. ஒரு வளையம், அடுத்த வளையம், சரசரவென்று, கடை முடிச்சுப் போடாத பூச்சரம் உருவிக்கொண்டு வருகிற மாதிரி. ஒரு வரிசை முடிந்து திரும்பி அடுத்த வரிசை. அம்மாவின் கைவேலையில் ஓர் இடத்தில்கூடத் தடங்கல் இல்லை. ஹாலின் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு நீண்டுகொண்டே போயிற்று. எல்லாரும் அதையே பார்த்தார்கள். பிரசிடெண்ட் அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. காப்பியைக் கையில் வாங்கி, சர்க்கரை போதுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் புத்தியுள்ள பெண் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. நான் குனிந்து, அந்த நூலைப் பிடித்து, முழங்கையில் சுற்றிக்கொண்டே பின்னால் போனேன். வீட்டில் நார் சிக்கினால் செய்கிற பழக்கம். சுற்றிச் சுற்றி மேஜை வரை போய், பிரசிடெண்ட் அம்மாவின் காலடியில் மண்டியிட்டு, மெட்டியிலிருந்து நூலை விடுவிக்கக் கையை நீட்டினேன். காலில் கை பட்டதும் அவர் குனிந்து பார்த்தார். முகம் கனிந்தது. காப்பியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை என் தலையில் வைத்தார்.

"தீர்க்க சுமங்கலியா இரும்மா. வேலை கிடைச்சதும் பெரியவா கால்ல விழணும்னு தோணித்தே!"

நிமிர்ந்தேன். முழங்கையில் சிவப்பு நூல் கண்டு. அவருக்குப் பின்னால் ஷமீம் கம்பளத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பசை வெள்ளை வெள்ளையாகத் தரையில் உதிர்ந்தது. எறும்பு ஒரு வரிசை வேறு. மூன்று விரலால் நட்சத்திரத்தைத் தடவினாள். நட்சத்திரத்தில் பாதி அவள் கையோடு வந்தது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "கௌரி," என்றாள் மெதுவாக, "இதுல என் முடிச்சு எவ்வளவு?"

"முதல் ஒரு சாண், டீச்சர்."

"மிச்சம்?"

"பூ கட்டற முடிச்சு."

ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரசிடெண்ட் அம்மா காப்பியை வைத்துவிட்டு வந்து எல்லாவற்றையும் பார்த்தார். மூலையின் மொட்டையையும் பார்த்தார். "இது?" என்றார். "காக்கா" என்றேன். அவர் விறுவிறுவென்று அஞ்சலையின் முக்கால் கம்பளத்துக்குப் போய், உட்கார்ந்து, ஒரு கொத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வரவில்லை. கமிட்டி மாமி ஒருத்தியும் சேர்ந்து இழுத்தாள். கம்பளம் தரையோடு நகர்ந்து வந்ததே தவிர கொத்து வரவில்லை.

"எப்படிம்மா இவ்வளவு கெட்டியாப் போட்டே?"

அஞ்சலைக்குக் கேள்வியே புரியவில்லை. "எங்க நைனா கூட வல பின்றவ நானு. முடிச்சு அவுந்தா மீனு பூடும், அப்பால சோத்துக்கு இன்னா பண்றது?" என்றாள்.

வேலை அஞ்சலைக்குப் போயிற்று. அவளுக்குத்தான் போயிருக்க வேண்டும். அது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்ததால் அழுகைகூட முழுசாக வரவில்லை, பாதிதான் வந்தது.

ஆனால் நாக்பூர் போகவில்லை. கம்பளி நிலையத்துடையது, அதை ஒழுங்கான கம்பளமாகத் திருப்பித் தராமல் நான் எங்கும் போகக் கூடாது என்று ஷமீம் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் தண்டனை எவ்வளவு, தயவு எவ்வளவு என்று இன்றுவரை நான் பிரித்துப் பார்க்கவில்லை. அப்பாவின் கட்டில் மறுபடி சுவரேறியது. அப்பா பாயை விரித்தார். இந்த முறை, "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்கவில்லை. "அவசரமில்லை" என்றார். மைதாவை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, நீளமான நூல்களை மட்டும் தேர்ந்தெடுத்து, நிலையம் கொடுத்த கொஞ்சம் புது நூலும் சேர்த்து, முதல் சாணிலிருந்து தொடங்கினேன். வாரம் ஒருமுறை மேற்பார்வைக்கு வந்தது உதவி டீச்சர் அஞ்சலை. ஒவ்வொரு வரிசையிலும் எங்கேயாவது விரலை வைத்து, "இத்த இழுக்கா" என்பாள். இழுப்பேன். வந்தால் அந்த வரிசை முழுக்கப் பிரிக்க வேண்டும். ஒருமுறை ஆறு வரிசை பிரித்தோம். என் பழைய பதிலை அவள் ஒரு தடவைகூடத் திருப்பிச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

முடிய நாலரை மாதம் ஆயிற்று. கடைசியில் ஒரு மூலைக்குச் சிவப்பு போதவில்லை. காக்கை கொண்டுபோனது பக்கத்து வீட்டு வேப்பமரத்துக் கூட்டில் பளிச்சென்று தெரிந்தது, ஆனால் கேட்டு வாங்க முடியாதே. வேறு சிவப்பில் முடித்தேன்.

இதற்கு நடுவில் ஆவணியில் அஞ்சலைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. முடிந்த கம்பளத்தைப் பார்க்க ஷமீமும் அவளுமாக மயிலாப்பூருக்கு வந்தார்கள். ஷமீம் புரட்டிப் பார்த்துவிட்டுத் தரையில் விரித்தாள். அஞ்சலை செருப்பைக் கழற்றினாள். காலில் புது மெட்டி. கம்பளத்தின் மேல் ஏறி, வேண்டுமென்றே காலைத் தேய்த்துத் தேய்த்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்டரில் திரும்பி நின்று ஒரு காலைத் தூக்கி மெட்டியைப் பார்த்தாள். ஒரு நூலும் இல்லை.

"பாசுக்கா" என்றாள்.

இந்த முறை அழுகை முழுசாக வந்தது. அடுத்த வருஷம் இரண்டாவது வகுப்பு தொடங்கியபோது என்னையும் சேர்த்துக்கொண்டார்கள், உதவி டீச்சருக்கு உதவியாக. எட்டு வருஷம் அஞ்சலையின் கீழே வேலை பார்த்தேன்.

பிரசிடெண்ட் அம்மாவுக்கு அந்தக் கம்பளத்தை விற்பனைக்கு வைக்க மனமில்லை. "இதை நீயே வச்சுக்கோ, ஞாபகத்துக்கு" என்று கொடுத்துவிட்டார். இன்றைக்கும் எங்கள் ஹாலில் கிடக்கிறது. எங்கள் வீட்டில் யார் எதைச் செய்து முடித்தேன் என்று வந்து நின்றாலும் பாராட்டு கிடையாது. பரீட்சையோ, வீட்டுக் கடனோ, பெண்ணுக்குப் பார்த்த வரனோ, கேள்வி ஒன்றுதான்: "மெட்டி போட்டு நடந்து பாத்தாச்சா?" என் கணவர், மெட்டியே போடாத மனிதர், சமைத்துவிட்டுக்கூட இதைக் கேட்டுக்கொள்கிறார்.

அம்மா தொண்ணூறு வயது வரை இருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் கம்பளத்தைப் பார்த்து, கௌரி செய்ததா, என்ன நேர்த்தி என்று சொன்னால், ஈஸிசேரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு திருத்தம் சொல்வாள்.

"நடுவுல இருக்கறதெல்லாம் அவதான். பார்டர் மட்டும் நான் கட்டினது."

நாங்கள் யாரும் மறுத்ததில்லை.